ஐம்பதா, ஐம்பத்தெட்டா, அறுபதா? பி.எஃப். பென்ஷனில் மனைவியின் கணக்கு

2020 மார்ச் ஊரடங்கின்போது கோவையில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் நின்றன. பங்கஜா மில், கம்போடியா மில், முருகன் மில், ரங்கவிலாஸ் மில் எல்லாம் ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டவை. ஊரடங்கு தளர்ந்து கடைகண்ணிகள் திறந்த பிறகும் அங்கே கதிர்கள் சுழலவில்லை. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் இருந்தது, செய்ய வேலை இல்லை, சம்பளத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய தொழிலாளியின் வீட்டில் இப்படிப்பட்ட நாட்களில் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு. "பி.எஃப். பென்ஷனையாவது இப்பவே எழுதி வாங்கிடலாமா?"

இதற்குப் பதில் பெரும்பாலும் டீக்கடையிலோ சங்க அலுவலகத் திண்ணையிலோதான் கிடைக்கிறது. "கைக்கு வர்றதை விடாதே" என்பார் ஒருவர். "பொறு, போகப்போகக் கூட வரும்" என்பார் இன்னொருவர். இருவருமே வேலை பார்த்தவரின் ஆயுளை மட்டும் வைத்துப் பேசுகிறார்கள். அவர் போன பிறகு அதே ஓய்வூதியத்தின் மிச்சத்தில் பத்தோ இருபதோ ஆண்டுகள் வாழப்போகிற மனைவி அந்தக் கணக்கில் வருவதில்லை. அவரைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் விடை பல இடங்களில் மாறுகிறது, சில இடங்களில் தலைகீழாகவே ஆகிறது.

தனியார் துறைத் தொழிலாளிக்கு இன்று ஓய்வூதியம் தருவது 1995 நவம்பர் 16-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். ஓய்வூதியர்கள் வாயில் அது 'இபிஎஸ்-95'. நிறுவனம் பி.எஃப்.-க்குக் கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் இந்த நிதிக்குப் போகிறது. மத்திய அரசு 1.16 சதவீதம் சேர்க்கிறது. தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கும் பணத்திலிருந்து ஒரு காசும் இதற்குப் போவதில்லை. கணக்கிடும் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தொடக்கத்தில் 5,000 ரூபாய், 2001 ஜூன் முதல் 6,500, 2014 செப்டம்பர் முதல் 15,000.

இதற்கு முன்னோடியாக 1971-இல் வந்தது தொழிலாளர் குடும்ப ஓய்வூதியத் திட்டம். அதில் வேலை பார்ப்பவருக்கு மாத ஓய்வூதியமே கிடையாது. அவர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு மாதம் ஒரு தொகை கொடுப்பதற்காகவே அது வந்தது. ஆக, நம் நாட்டில் ஆலைத் தொழிலாளியின் ஓய்வூதியம் விதவைக்கான ஏற்பாடாகத்தான் பிறந்தது. உயிரோடு ஓய்வு பெறுபவருக்கான மாத ஓய்வூதியம் 24 ஆண்டுகள் கழித்துத்தான் சேர்ந்தது. அந்தப் பழைய நோக்கத்தின் தடம் இன்றைய விதிகளிலும் ஓரிடத்தில் அழுத்தமாக இருக்கிறது. தம்பதிகள் கவனிக்க வேண்டிய இடம் அதுதான். அங்கே போவதற்குமுன் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஓய்வூதியச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பருக்குப் பிறகு சம்பளம் என்பது கடைசி 60 மாதச் சராசரி. 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்காலத்துக்கு 6,500 ரூபாய் உச்சவரம்பும் பிந்தைய காலத்துக்கு 15,000-மும் தனித்தனியாகப் பொருந்தும். 1999 செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்து, உச்சவரம்பு அளவுக்குச் சம்பளம் வாங்கி, 2026 செப்டம்பரில் 58 வயதை எட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் 15 ஆண்டுக்கு 1,393 ரூபாய், அடுத்த 12 ஆண்டுக்கு 2,571 ரூபாய், மொத்தம் 3,964. 20 ஆண்டுகளுக்குமேல் பணி செய்து 58-இல் ஓய்வு பெறுபவருக்கு இரண்டாண்டு கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள் என்பதால் இன்னும் சில நூறுகள் ஏறும். பேசுவதற்கு எளிதாக 4,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம்.

27 ஆண்டு உழைப்புக்கு மாதம் 4,000 ரூபாய். இது போதுமா என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 7,500 ரூபாயாக்கி அகவிலைப்படியும் சேர்க்க வேண்டும் என்று ஓய்வூதியர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். ஆனால் தொகை சிறியது என்பதாலேயே தேர்வும் சிறியதாகிவிடாது. வேறு வருமானம் இல்லாத வீட்டில் மாதம் 500 ரூபாய் வித்தியாசம் என்பது மருந்துச் செலவு.

பத்தாண்டுப் பணி முடித்தவருக்கு மூன்று வழிகள் உண்டு. இயல்பான வயது 58. வேலையை விட்டுவிட்டவர் 50 வயதிலிருந்தே குறைந்த ஓய்வூதியத்தைத் தொடங்கிக்கொள்ளலாம், 58-க்கு எத்தனை ஆண்டு குறைகிறதோ ஆண்டுக்கு 4 சதவீதம் வெட்டு. 2008 செப்டம்பர் வரை இந்த வெட்டு 3 சதவீதமாக இருந்தது. மூன்றாவது வழி, 2016 ஏப்ரலில் வந்த அறிவிப்பின்படி 58-க்குப் பிறகும் வாங்காமல் அதிகபட்சம் 60 வரை தள்ளிப்போடுவது, ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். முன்கூட்டி வாங்குவதற்கு வேலையை விட்டிருக்க வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. பதிவேட்டில் பெயர் இருக்க ஆலை மட்டும் மூடிக்கிடந்தால் இந்த வழி திறக்காது.

4,000 ரூபாய் கணக்கில் இதைப் பொருத்தினால், 50-இல் தொடங்குபவருக்கு 2,720 வரும். 55-இல் தொடங்கினால் 3,520, 60 வரை பொறுத்தால் 4,320. கணவர் இறந்த பிறகு மனைவிக்கு, அவர் வாங்கிக்கொண்டிருந்ததில் பாதி. அதாவது முறையே 1,360, 1,760, 2,160 ரூபாய், 58-இல் தொடங்கியிருந்தால் 2,000. தொடங்கும் தேதியை எழுதும்போதே மனைவியின் கடைசிக்கால வருமானமும் எழுதப்பட்டுவிடுகிறது. பிறகு அதை மாற்ற முடியாது.

இனி, பொறுத்தால் லாபமா என்ற கேள்வி. வேலையை விட்டுவிட்ட ஒருவர் 55-இல் தொடங்கினால், 58-க்குள் மூன்று ஆண்டில் 1,26,720 ரூபாய் கைக்கு வந்துவிடும். அதற்கு விலையாக 58-க்குப் பிறகு மாதம் 480 ரூபாய் இழப்பார். இழப்பு சேர்ந்து சேர்ந்து அந்த 1,26,720-ஐ எட்ட 264 மாதங்கள், அதாவது 22 ஆண்டுகள் ஆகும். அப்போது அவருக்கு வயது 80. அவர் 75-இல் இறந்து, ஆறு வயது இளைய மனைவி வாழ்ந்திருந்தால், அதன்பின் இழப்பு மாதம் 240-ஆகப் பாதியாகிவிடும். மனைவிக்கு 79 வயதாகும்போதுதான் கணக்கு சமமாகும். வட்டியையும் விலைவாசியையும் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும். 60 வயதைத் தொட்ட இந்தியர் சராசரியாக இன்னும் 18 ஆண்டுகள்போல வாழ்கிறார், பெண்கள் சற்றுக் கூடுதலாக. அந்த அளவுகோலில் பார்த்தால், வேலை போய்விட்ட ஒருவர் முன்கூட்டி வாங்குவதால் பெரிய நஷ்டம் ஏதுமில்லை. டீக்கடையில் முதலாமவர் சொன்னது சரி என்றே தோன்றும்.

இங்கேதான் 1971-இன் தடம் குறுக்கே வருகிறது.

ஓய்வூதியம் தொடங்கிய பிறகு உறுப்பினர் இறந்தால் மனைவிக்குப் பாதி. ஆனால் பணியில் இருக்கும்போதே இறந்தால் அன்றைக்கு அவர் ஓய்வு பெற்றிருந்தால் என்ன ஓய்வூதியம் கிடைத்திருக்குமோ அது பாதியாக்கப்படாமல் மனைவிக்கு வரும், அல்லது திட்டத்தின் அட்டவணையில் உள்ள தொகை வரும், இரண்டில் எது அதிகமோ அது. இதற்கு ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும், பத்தாண்டு நிபந்தனை கிடையாது. பத்தாண்டு முடித்து வேலையை விட்டவர், 58 ஆவதற்குள், ஓய்வூதியம் தொடங்காமல் இறந்தாலும் பாதிக் கணக்கு வராது. வேலையை விட்ட நாளில் ஓய்வு பெற்றதாக வைத்து வரும் ஓய்வூதியமே மனைவிக்கு அடிப்படை. இவை தவிர 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் இருவர்வரை, ஒவ்வொருவருக்கும் விதவை ஓய்வூதியத்தில் 25 சதவீதம்.

55-இல் வேலையை விட்ட அதே மனிதர் 57-இல் மாரடைப்பில் இறந்துவிடுகிறார் என்று கொள்வோம். ஓய்வூதியத்தைத் தொடங்கியிருந்தால் இரண்டாண்டில் 84,480 ரூபாய் வாங்கியிருப்பார், மனைவிக்கு ஆயுள் முழுக்க மாதம் 1,760. தொடங்காமல் இருந்திருந்தால் அந்த 84,480 இல்லை, ஆனால் மனைவியின் மாதத் தொகை எப்படிக் கணக்கிட்டாலும் குறைந்தது இரு மடங்கு. வாங்காமல் விட்ட பணம் நான்கைந்து ஆண்டுக்குள் திரும்பிவிடும். அதன்பின் வாழும் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பெண்ணுக்கு 20,000 ரூபாய்க்குமேல் கூடுதல். 50-இல் தொடங்கி 57-இல் இறப்பவரின் மனைவி நிலை இன்னும் மோசம், அவருக்கு மாதம் 1,360-தான்.

ஆகவே 58-க்கு முன் காத்திருக்கும் காலம் வெறும் 4 சதவீத உயர்வுக்கான காத்திருப்பாக முடிந்துவிடுவதில்லை. அது கணவரின் உயிர்மேல் மனைவி பெயரில் எடுத்த காப்பீடு. பிரீமியம், அந்த மாதங்களில் வாங்காமல் விடும் ஓய்வூதியம். கணவர் நல்லபடியாக 58-ஐத் தாண்டினால் 4 சதவீத உயர்வும் சேர்ந்து கிடைக்கிறது. தாண்டாவிட்டால் மனைவிக்குப் பாதிக்குப் பதில் முழுசு.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு பொதுப்புத்திக்கு நேர் எதிரானது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் முற்றி, இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, 54 வயதில் வேலையை விட்டவர் வீட்டில் என்ன யோசிப்பார்கள்? "எத்தனை நாளோ, இருக்கிறவரைக்கும் வாங்கி அனுபவிக்கட்டும்." அன்பினால் வரும் யோசனை அது. தனி ஆளுக்குச் சரியான யோசனையும்கூட. ஆனால் அவருக்கு மனைவி இருந்தால், உடல்நிலை எவ்வளவு மோசமோ அவ்வளவுக்குக் காத்திருப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது. ஆரோக்கியமானவர் முன்கூட்டி வாங்குவதில் ஆபத்து குறைவு, நோயாளி முன்கூட்டி வாங்குவதில் மனைவிக்கு ஆபத்து அதிகம். பணியின்போதே நிரந்தரமாக, முழுமையாக உடல் முடங்கிப்போனவருக்கு இத்திட்டத்திலேயே ஊனமுற்றோர் ஓய்வூதியம் தனியாக உண்டு. வயது குறைவு என்பதற்கான வெட்டு அதற்குக் கிடையாது. அந்தத் தகுதி இருக்கிறதா என்று பார்க்காமல் குறைந்த ஓய்வூதியத்துக்கு எழுதிக் கொடுப்பது பெரிய இழப்பு.

வேலையையே விடலாமா என்று யோசிப்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பி.எஃப். உறுப்பினர் பணிக்காலத்தில் இறந்தால் வைப்புநிதியோடு இணைந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். வேலையைவிட்டு நின்றவருக்கு அந்தப் பாதுகாப்பு தொடர்வதில்லை.

காத்திருக்கிற காலத்தில் அடுப்பு எரிய வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. அதற்குத்தான் வைப்புநிதிக் கணக்கில் சேர்ந்த மொத்தத் தொகை இருக்கிறது. அதைப் பெண்ணின் கல்யாணத்துக்கோ வீட்டின் மேல்தளத்துக்கோ மொத்தமாகச் செலவிட்டுவிட்டு, அன்றாடச் செலவுக்காக ஓய்வூதியத்தை வெட்டி வாங்குவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. வரிசையை மாற்றினால், அதாவது 58 வரை வைப்புநிதியிலிருந்து மாதாமாதம் எடுத்துச் செலவு செய்து ஓய்வூதியத்தைத் தொடாமல் வைத்தால், மனைவியின் பாதுகாப்பு கெடாது. அப்படியும் முடியாத வீடுகள் உண்டு. கந்துவட்டிக்குக் கடன் வாங்குவதா, குறைந்த ஓய்வூதியத்தைத் தொடங்குவதா என்று வந்துவிட்டால் தயங்காமல் ஓய்வூதியத்தைத் தொடங்கிவிட வேண்டும். ஆண்டுக்கு 4 சதவீத வெட்டைவிடக் கொடிய வட்டி எத்தனையோ ஊரில் ஓடுகிறது.

58-க்குப் பிறகு நிலைமை வேறு. அந்த வயதில் வேலையில் தொடர்ந்தாலும் ஓய்வூதியத்தைத் தொடங்கிக்கொள்ளலாம், சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்தே வரும். 60 வரை தள்ளிப்போட்டால் என்ன? இரண்டாண்டில் 96,000 ரூபாயை விட்டுக்கொடுத்து மாதம் 320 கூடுதலாகப் பெறலாம். இழந்ததை ஈடுகட்ட 300 மாதங்கள் வேண்டும். 60-இலிருந்து 25 ஆண்டு, அவருக்கு 85 ஆகும்வரை. கணவர் 75-இல் காலமானால் மனைவிக்கு அந்தக் கூடுதல் 160-ஆகக் குறையும். அவர் ஆறு வயது இளையவர் என்றால் 89 வயதுவரை வாழ்ந்தால்தான் கணக்கு சமமாகும். சந்தா கட்டாமல் வெறுமனே தள்ளிப்போடுவது பெரும்பாலான தம்பதிகளுக்கு நஷ்டம் என்று துணிந்து சொல்லலாம்.

அந்த இரண்டாண்டும் வேலையில் இருந்து, ஓய்வூதிய நிதிக்குச் சந்தாவும் தொடர்ந்தால் கதை மாறுகிறது. கூடுதல் இரண்டாண்டுப் பணிக்கு 15,000 ரூபாய் சம்பளத்தில் 428 ரூபாய் சேரும், அதன்மேல் 8 சதவீதம். 4,000 என்பது ஏறத்தாழ 4,780 ஆகும். விட்டுக்கொடுப்பது 96,000 ரூபாய் ஓய்வூதியம், அத்துடன் வைப்புநிதிக்குப் போயிருக்க வேண்டிய மாதம் 1,250 ரூபாய், இரண்டாண்டில் 30,000. இரண்டும் ஈடாக 13 ஆண்டும் சில மாதங்களும் ஆகும், 73 அல்லது 74 வயது. உடல் திடமாக இருக்கிறது, சம்பளம் வருகிறது, மனைவி பல ஆண்டு இளையவர், அவருக்குத் தனி வருமானம் இல்லை என்ற நான்கும் ஒருசேர அமைந்த வீட்டுக்கு இந்த வழி பொருந்தும். நான்கில் ஒன்று இல்லையென்றாலும் 58-ஏ போதும்.

இதுவரை கணவர் உறுப்பினர், மனைவி சார்ந்திருப்பவர் என்றே பேசியாயிற்று. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளிலும், ஓசூரின் மின்னணு ஆலைகளிலும் பி.எஃப். கணக்கு வைத்திருக்கும் பெண்கள் ஏராளம். சட்டத்தில் ஆண் பெண் வேற்றுமை இல்லை. மனைவி உறுப்பினராக இருந்து இறந்தால் கணவருக்கும் அதே பாதி, பணியில் இறந்தால் அதே முழுத் தொகை. ஆனால் பெண்கள் இழப்பது வேறிடத்தில். கல்யாணம், பிரசவம் என்று நான்கைந்து ஆண்டில் வேலையை விடும்போது, 10சி படிவம் கொடுத்து ஓய்வூதியப் பங்கைக் கையோடு எடுத்துவிடுகிறார்கள். வருவது சில ஆயிரங்கள். போவது அத்தனை ஆண்டுப் பணிக்காலம். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு மறுபடி வேலைக்கு வந்தால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும், பத்தாண்டை எட்டுவதே பலருக்குக் கடினமாகிவிடும். அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கினால் பழைய ஆண்டுகள் அழியாது, புதிய வேலையோடு சேரும். எப்போது வாங்கத் தொடங்குவது என்ற கேள்வியே எழாதபடி பல பெண்களின் ஓய்வூதியம் இருபத்தைந்து வயதில் முடிந்துபோகிறது. இத்திட்டம் தொடர்பான விழிப்புணர்வில் முதலிடம் பெற வேண்டிய செய்தி இது.

கணவன் மனைவி இருவருமே தகுதி பெற்ற வீட்டில், ஒருவர் முன்கூட்டி வாங்கியே ஆக வேண்டும் என்றால், உடல்நலம் நன்றாக உள்ளவர் தொடங்கட்டும், நலம் குன்றியவர் காத்திருக்கட்டும். மேலே பார்த்த கணக்கு காட்டும் வழி அதுதான்.

ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் படிவம் 10டி. எந்த வகை ஓய்வூதியம் என்று ஒரு கட்டம். குறைக்கப்பட்ட ஓய்வூதியம் என்றால் எந்தத் தேதியிலிருந்து வேண்டும் என்று இன்னொன்று. குடும்பத்தினர் பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு. கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த புகைப்படம் கட்டாயம். ஸ்டூடியோவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஜோடிப் படத்தை எடுத்துக்கொண்டு வரும் மனைவியிடம், தேதிக் கட்டத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதற்குச் சம்மதம் கேட்பதில்லை. படம் வேண்டும், கருத்து வேண்டாம். அவருடைய 20 ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்கும் ஒரு முடிவு அவர் அறியாமலேயே எடுக்கப்படலாம்.

இது எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. டொராண்டோவில் வாழும் தமிழர்களுக்குப் பொருந்தும் ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி, நிறுவன ஓய்வூதியம் தொடங்கும் நாளில் துணைவர் இருந்தால், ஓய்வூதியர் இறந்த பிறகு குறைந்தது 60 சதவீதம் துணைவருக்குத் தொடர வேண்டும். வேண்டாம் என்றால் இருவரும் கையெழுத்திட்டு விலக்க வேண்டும். அமெரிக்காவில் 1984-இல் வந்த ஓய்வூதியச் சமநீதிச் சட்டம், துணைவரின் பங்கை விட்டுக்கொடுக்க அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. நோட்டரியோ திட்டப் பிரதிநிதியோ சாட்சியாக நிற்க வேண்டும். அதற்கு முன் கணவர் தன்னிச்சையாக எழுதிக்கொடுத்துவிட, அவர் இறந்த பிறகுதான் தனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்ட மனைவிகள் இருந்தார்கள். நம் திட்டத்தில் மனைவியின் பாதியை யாரும் எழுதித் தள்ளிவிட முடியாது, அந்த அளவில் இது மேலானது. ஆனால் எதில் பாதி என்பதைக் கணவர் ஒருவரே தீர்மானிக்க விட்டிருக்கிறது. 10டி படிவத்தில் குறைக்கப்பட்ட ஓய்வூதியம் கேட்போரிடம் துணைவரின் ஒப்புதலையும் வாங்க வேண்டும் என்று விதி செய்தால் அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

இதே பிரச்சினை பெரிய தொகையில் வந்தது உயர் ஓய்வூதிய விவகாரத்தில். 2022 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையடுத்து, உச்சவரம்புக்குமேல் முழுச் சம்பளத்துக்கு ஓய்வூதியம் கேட்டுச் சுமார் 17.5 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். மாதம் 4,000 வர வேண்டிய இடத்தில் இருபதாயிரம், முப்பதாயிரம் வரும் என்ற நிலையில் யாருக்கும் ஆசை வரும். அதற்கு விலை, வைப்புநிதிக் கணக்கிலிருந்து பல லட்சங்களை ஓய்வூதிய நிதிக்குத் திருப்பிக் கொடுப்பது. வைப்புநிதியில் இருக்கும் பணம் முழுக்க வாரிசுக்குப் போகும். ஓய்வூதிய நிதிக்குப் போன பணம் கணவர் காலமானதும் பாதி ஓய்வூதியமாகும், மனைவியும் காலமானால் பிள்ளைகள் 25 வயதைக் கடந்துவிட்ட வீட்டில் அதோடு முடிந்தது. 2008-க்கு முன், மாத ஓய்வூதியத்தில் 10 சதவீதம்போலக் குறைத்துக்கொண்டு, இறந்த பிறகு மூலதனம் குடும்பத்துக்குத் திரும்பும்படி எழுதிக்கொடுக்கும் வசதி இருந்தது. 2008 செப்டம்பரில் அது நீக்கப்பட்டது. மனைவி கணவரைவிடப் பல ஆண்டு இளையவராக, ஆரோக்கியமானவராக இருக்கும் வீட்டில் உயர் ஓய்வூதியம் பெரும்பாலும் நல்ல பேரமே. மனைவி மூத்தவராகவோ நோய்வாய்ப்பட்டவராகவோ இருந்தால் பணத்தைக் கையில் வைத்திருப்பது மேல்.

மேலே போட்ட எல்லாக் கணக்கிலும் ரூபாயின் மதிப்பு மாறாது என்று கொண்டிருக்கிறோம். உண்மையில் இந்த ஓய்வூதியத்துக்கு விலைவாசியோடு ஏறும் அகவிலைப்படி இல்லை. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், 20 ஆண்டு கழித்து 4,000 ரூபாய்க்கு இன்றைய 1,500 ரூபாய்க்கான சாமான்தான் கிடைக்கும். அப்போது விதவையாக இருக்கும் மனைவியின் 2,000, இன்றைய 750 ரூபாய். 2014 செப்டம்பரில் நிர்ணயித்த குறைந்தபட்ச விதவை ஓய்வூதியம் 1,000 ரூபாய். தமிழக அரசு ஒன்பது ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில், முதியோருக்கும் ஆதரவற்ற விதவையருக்கும் தரும் உதவித்தொகையை 1,200 ஆக உயர்த்தியது. சந்தா கட்டி வேலை பார்த்தவரின் மனைவிக்கு, சந்தாவே இல்லாத உதவித்தொகையைவிடக் குறைந்த உத்தரவாதம். முதிய பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கணவரை இழந்தவர்களாக இருக்கும் நாட்டில் இதைச் சிறிய குறையாக ஒதுக்க முடியாது. எந்த வயதில் தொடங்கினாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது. அரசு மனம் வைத்தால்தான் அடைபடும். வீடு செய்யக்கூடியது, வைப்புநிதித் தொகையில் ஒரு பகுதியை மனைவி பெயரிலேயே போட்டு, கணவர் காலத்துச் செலவுக்கு அதைத் தொடாமல் வைப்பது.

கடைசியாக நடைமுறை. ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் மனைவியின் பெயர், எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா, பிறந்த தேதி சரியா, குடும்ப விவரத்தில் அவர் பெயர் ஏறியிருக்கிறதா என்று கணவர் இருக்கும்போதே பார்த்துத் திருத்திவிட வேண்டும். ஓய்வூதிய ஆணையின் நகல் மனைவியிடம் ஒன்று இருக்க வேண்டும். உயிர்வாழ் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும் என்பதும், அது தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்பதும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தேதியை முடிவு செய்யுமுன், 58-இல் எவ்வளவு, இன்று தொடங்கினால் எவ்வளவு, இடையில் இறந்தால் மனைவிக்கு எவ்வளவு என்ற மூன்று தொகையையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாவட்டந்தோறும் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி வைப்புநிதி நிறுவனம் குறைதீர் முகாம் நடத்துகிறது. அதற்குக் கணவர் மட்டும் போய்வராமல் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள், மூன்றாவது தொகையை அவரே கேட்கட்டும்.